ஞானப்பல் பிடுங்கப் பயமா? மூச்சு முட்டும் என்ற பயமா? நல்லூர்ப் பக்கத்துக் கிளினிக் அனுபவம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். நல்லூர்ப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் பல் கிளினிக். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பல் எடுத்த கைக்கு ஐந்தும் தாராளமாகக் கொடுக்கலாம், முன் மேசைக்கு இரண்டுக்கு மேல் மனம் வராது, கூட்டிக் கழித்துப் பார்த்து நாலு. பெயரை வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் பாதிப் பேர் விளம்பரம் என்பார்கள், மீதிப் பேர் கீழே வரப்போகிற குறைகளைப் பிடித்துக்கொண்டு அந்த டொக்டரிடம் கேள்வி கேட்கப் போவார்கள்.

பல் கிளினிக்குகளைப் பற்றி நம்மவர்கள் எழுதுவது எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். நோகவே இல்லை, நல்ல கை, காசும் பரவாயில்லை, முடிந்தது. என்னுடைய பிரச்சினை நோவு இல்லை. சின்ன வயசிலிருந்தே எனக்குத் தொய்வு (ஆஸ்துமா), அதோடு பீனிசமும், மூக்கில் ஒரு பக்கம் வருசத்தில் முக்கால்வாசி அடைத்துத்தான் கிடக்கும். வாயை ஆவென்று திறந்துகொண்டு, மூக்கும் அடைத்து, தொண்டையும் விறைத்து, மேலே ஒருவர் தண்ணீர் பீச்சிக்கொண்டு நின்றால் மூச்சை எங்கே எடுப்பது? இதை நினைத்தே அந்தப் பல்லைக் கனகாலம் இழுத்தடித்துக்கொண்டு திரிந்தேன். இடது பக்கம் கீழே, கடைசி. பாதி வெளியே, பாதி முரசுக்குள்ளே. அந்த முரசு மடிப்புக்குள் சாப்பாடு போய் அடைந்து வீங்கும், அடங்கும், திரும்ப வீங்கும், வீங்கின நேரம் வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காது.

பயத்துக்கு எண்ணெய் ஊற்றியது ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள். அங்கே அவளுக்கு நாலு ஞானப்பல்லையும் ஒரே இருப்பில் எடுத்தார்கள், கையில் ஊசி ஏற்றி அரைத் தூக்கத்தில் வைத்துத்தான். அவள் முழித்து உளறின வீடியோ எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் இன்னும் ஓடுகிறது. கூடவே "முதல் நாள் இரவுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடக்கூடாதாம், மூச்சைப் பார்க்கிறதுக்கெண்டே தனியா ஒராள் நிண்டது" என்று வேறு சொல்லி வைத்தாள். மூச்சைப் பார்க்கத் தனி ஆள் என்றால் அப்போ மூச்சு நிற்கக்கூடியதுதானே என்று என் மூளை கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு ஒரேயடியாகப் பிழையும் இல்லை. அது எங்கே சரி, எங்கே பிழை என்பதை இந்தக் கிளினிக்கில்தான் ஒருவர் இருந்து விளங்கப்படுத்தினார்.

இதற்கு முதல் வேறொரு இடத்துக்கும் போனேன். "டொக்டர், ஊசி போட்டால் மூச்சு முட்டுமா?" என்று கேட்டதற்குக் கொடுப்புக்குள் ஒரு சிரிப்பு. "சின்னப் பிள்ளையளே இருக்குதுகள், நீங்கள் என்ன!" தொய்வு இருக்கிறது என்று சொன்னதையாவது எழுதி வைத்தாரோ என்றால் அதுவும் இல்லை. எழும்பி வந்துவிட்டேன். கெட்டிக்காரராகவே இருக்கட்டும், எனக்கு வேண்டாம்.

சரி, நல்லூர்க் கிளினிக்குக்கு வருவோம். டொக்டர் ஒரு பெண், நடுத்தர வயசு, பேராதனையில் படித்தவர், பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை, பின்னேரம்தான் இங்கே வருவார். வாயைத் திறக்கச் சொல்ல முதலே கேள்விகள் தொடங்கின. தொய்வு எப்போது கடைசியாக வந்தது, எந்தப் பம்ப், நாளாந்தம் இழுக்கிறீரா இல்லை வந்தால் மட்டுமா, ஸ்டிரொயிட் குளிசை எப்போதாவது போட்டிருக்கிறீரா, வோல்டாரன், புரூஃபன், அஸ்பிரின் போட்டு இழுப்பு வந்ததா, இரவில் குறட்டை விடுவீரா. உலர்ந்த பழங்கள், வைன் இதெல்லாம் எடுத்து மூச்சு இறுகினது உண்டா என்றும் கேட்டார். வைன் என்றதும் மூலையில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை தனிக் கதை. அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறதாம். விறைப்பு ஊசியில் இருக்கிற அட்ரினலின் கெடாமல் இருக்க ஒரு சல்பைட் உப்புச் சேர்ப்பார்கள், அதே சாதி உப்புத்தான் உலர்ந்த பழங்களிலும் வைனிலும் இருக்கிறது, தொய்வுக்காரரில் சிலருக்கு, அதுவும் ஸ்டிரொயிட் குளிசையிலேயே ஓடுகிறவர்களுக்கு, அது ஒத்துவராமல் போகலாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அட்ரினலின் இல்லாத மருந்தும் இருக்கிறது என்றார்.

பிறகு ஊசி போட்டால் மூச்சு முட்டுமா என்ற அதே கேள்வியைக் கேட்டேன். சிரிக்கவில்லை.

"பிள்ளை, இந்த ஊசி விறைக்கப் பண்ணுறது பல்லு, முரசு, கீழ்ச் சொண்டு, நாக்கில பாதி. அவ்வளவுதான். மூச்செடுக்கிறது நெஞ்சும் வயிறும், அதுக்கு நரம்பு வாறது கழுத்துக்குள்ளால. நான் ஊசி போடுறது அலகில."

ஓ.எல். விஞ்ஞானத்தில் பிரிமென்றகடு என்று பாடமாக்கினோமே, அதற்குப் போகிற நரம்பைத்தான் சொல்கிறார். கழுத்து முள்ளந்தண்டிலிருந்து இறங்கி வருகிற அந்த நரம்புக்கும் பல்லுக்குப் போகிற நரம்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மருந்து லிக்னோகெயின், 1948 முதல் பல் வைத்தியர்கள் பாவிக்கிற சாமான், அளவோடு போட்டால் மூச்சைத் தொடாது. ஆனால் தொட்ட மாதிரி இருக்கும், அதையும் அவரே சொன்னார், அதுதான் எனக்குப் பெரிய உதவி. நாக்கின் ஒரு பாதியும் சிலருக்குத் தொண்டையின் ஓரமும் விறைத்தவுடன் தொண்டைக்குள் ஏதோ கட்டி நிற்கிற மாதிரி, விழுங்க முடியாத மாதிரி ஒரு உணர்வு வரும். விழுங்குகிற தசை வேலை செய்துகொண்டுதான் இருக்கும், அது வேலை செய்வது எங்களுக்குத் தெரியாமல் போகிறது. பயந்தவர்கள் அந்த நேரத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கத் தொடங்குவார்கள், அதனால் கை விரல் விறுவிறுக்கும், தலை சுற்றும், ஐயோ மூச்சு நிற்கப் போகிறது என்று இன்னும் வேகமாக வாங்குவார்கள்.

மச்சாளின் கதையையும் கேட்டேன். அது வேறு வகை. நரம்பு வழியாக மிடசோலம் மாதிரி மருந்து ஏற்றி அரைத் தூக்கத்தில் வைக்கும்போது மூச்சு மந்தப்படலாம், நாக்குப் பின்பக்கம் சரிந்து வழியை மறைக்கலாம். அதனால்தான் விரலில் ஒட்சிசன் அளக்கிற கிளிப், பக்கத்தில் ஒட்சிசன், பல்லைப் பிடுங்குகிறவர் இல்லாமல் மூச்சைப் பார்க்கவே இன்னொருவர். முழு மயக்கம் என்றால் அது ஆஸ்பத்திரித் தியேட்டரில், மயக்க மருந்து டொக்டர் நிற்க, மூக்கால் குழாய் விட்டு மூச்சை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், வாய் முழுக்கப் பல் டொக்டருக்கு. இந்த இரண்டுக்கும் பட்டினி அவசியம், வழமையாகத் திண்ம உணவு 6 மணித்தியாலம், வெறும் தண்ணீர் என்றால் 2 மணித்தியாலம், ஏனென்றால் மயக்கத்தில் சத்தி வந்தால் சுவாசப்பைக்குள் போய்விடும். விறைப்பு ஊசிக்கு அந்தப் பட்டினி ஒன்றும் இல்லை, சாப்பிட்டுவிட்டே வாரும், வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுகிறவர்கள்தான் கூட என்றார். மச்சாளுக்குச் சொன்ன கட்டுப்பாட்டை எல்லாம் நான் எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இதில் ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். யாராவது உங்களுக்குச் சின்னக் கிளினிக் அறையில் வைத்து "தூக்க ஊசி போட்டு எடுத்துவிடுவோம், ஒன்றும் தெரியாது" என்றால், மூச்சை யார் பார்ப்பது என்று கேளுங்கள். பல் எடுக்கிறவரே இரண்டையும் பார்ப்பார் என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள். குறட்டையும் நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிற வருத்தமும் உள்ளவர்கள், உடம்பு பருத்தவர்கள், தொய்வு அடங்காதவர்கள் இதில் இன்னும் கவனம்.

அன்றைக்கே பல்லை எடுக்கவில்லை. முரசு வீங்கியிருந்தது, சீழ் பிடித்த இடத்தில் விறைப்பு மருந்து சரியாக வேலை செய்யாதாம். பிடுங்கத்தான் வந்தோம், இனித் திரும்பவும் வர வேண்டுமா என்று அம்மா புறுபுறுத்தா. அப்போதுதான் டொக்டர் ஒரு விசயம் சொன்னார், அதைக் கேட்டபின் அம்மா வாயைத் திறக்கவில்லை. ஞானப்பல்லால் மூச்சுக்கு ஆபத்து வருவது என்றால் பெரும்பாலும் ஊசியால் இல்லை, பல்லை அழுகவிட்டு வைத்திருப்பதால்தானாம். கீழ்க் கொடுப்புப் பல்லில் இருந்து கிருமி நாக்குக்கு அடியில் இறங்கினால் நாடிக்குக் கீழே கல்லு மாதிரி வீங்கி, நாக்கை மேலே தூக்கி, மூச்சு வழியையே அடைத்துவிடும். லட்விக் அஞ்சைனா என்று பெயர், 1836-இல் லட்விக் என்ற ஜெர்மன் டொக்டர் எழுதி வைத்தது. எச்சில் விழுங்க ஏலாமல் வாயால் வடிவது, குரல் மாறுவது, காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டுவது என்று வந்தால் எந்தக் கிளினிக்குக்கும் நம்பர் எடுக்க நிற்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் 1990-க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசும் இல்லை. நான் பயந்தது ஊசிக்கு, பயப்பட வேண்டியது வாய்க்குள் வைத்திருந்ததற்கு.

கிருமி மருந்து முடித்து, வீக்கம் வற்றி, வேறு இடத்தில் முழு அலகுக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போனேன். படத்தில் பல் தனக்கு முன்னால் இருக்கிற பல்லின் மேல் சரிந்து படுத்துக் கிடந்தது, திருவிழா மடத்தில் அடுத்தவர் தோளில் தலை வைத்து உறங்குகிற ஆள் மாதிரி. வேருக்கும் நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் காட்டி, சொண்டு கொஞ்ச நாளைக்கு மரத்துப்போகிற சாத்தியம் இருக்கிறது என்றும் மறைக்காமல் சொன்னார்.

எடுத்த நாள். கதிரையை முழுக்கச் சாய்க்கவில்லை, அரைவாசிதான். பம்பைக் கையில் வாங்கி, குலுக்கிப் பார்த்து, மருந்து இருக்கிறதா என்று பார்த்து, முதலே இரண்டு இழுப்பு இழுக்கச் சொல்லி, தட்டில் தனக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு. தடிமன் இருந்தால் வர வேண்டாம், போன் பண்ணித் திகதியை மாற்றும் என்று முதலே சொல்லியிருந்தார். விரலில் கிளிப். "இந்த ஊசிக்கு இது கட்டாயமில்லை, உமக்குப் பயம் தெளியட்டும்." திரையில் 98 என்று நின்றது, நானும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஊசி கொஞ்சம் கடுத்தது, பொய் சொல்ல மாட்டேன். "இப்ப நெஞ்சு படபடக்கும், அது அட்ரினலின், ரெண்டு நிமிசத்தில அடங்கும்" என்று அவர் சொல்லி முடிய நெஞ்சு படபடத்தது, அடங்கியது. பிறகு சொண்டு தடித்த மாதிரி, நாக்கில் பாதி இல்லாத மாதிரி, கடைசியில் நான் பயந்துகொண்டிருந்த அந்தத் தொண்டைக் கட்டி. வந்தே விட்டது. கையைத் தூக்கினேன். உடனே எல்லாவற்றையும் வைத்துவிட்டு, "விழுங்கிப் பாரும்" என்றார். விழுங்கினேன். இறங்கியது. "இன்னொருக்கா." அதுவும் இறங்கியது. "இப்ப மூக்கால மெதுவா எடும், வாயால விடும்." கதிரையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். அவசரப்படுத்தவே இல்லை, வெளியே அவ்வளவு பேர் காத்திருந்தும்.

துளைக்கிற நேரம் தண்ணீர் வரும், அதுதான் எனக்கு அடுத்த பேய். உதவிக்கு நின்ற மிஸ் உறிஞ்சுகிற குழாயைப் பல்லுக்குப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு நின்றா, ஒரு சொட்டுத் தொண்டைக்குப் போகவில்லை. பல்லுக்குப் பின்பக்கம் பஞ்சுத் துணி வைத்திருந்தார்கள், உடைகிற துண்டு உள்ளே போகாமல். கொஞ்ச நேரம் துளைத்துவிட்டு நிறுத்துவார்கள், நான் வாயை மூடி மூச்சு வாங்குவேன், திரும்பத் தொடங்குவார்கள். அந்த இடைவெளிகள்தான் என்னைக் கதிரையில் வைத்திருந்தன.

நடுவில் ஒரு கூத்து. திரையில் 98, 97 என்று நின்றது திடீரென்று 91. நான் வாய் திறந்தபடி ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை. டொக்டர் திரையைப் பார்க்க முதல் என்னைத்தான் பார்த்தார், சொண்டின் நிறத்தைப் பார்த்தார், பிறகு என் விரலைத் தொட்டார். ஏசிக்குள் கை ஐஸாகக் கிடந்தது. குளிர்ந்த விரலில் அந்தக் கிளிப் பொய் சொல்லும், நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசியிருந்தாலும் அப்படித்தானாம். உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்து, வேறு விரலில் மாட்ட, 98. "மெஷினைப் பாராமல் என்னைப் பாரும்" என்றார். ஆகவே கியூட்டெக்ஸ் பூசிக்கொண்டு போகாதீர்கள், ஏசி அறையில் குளிரினால் போர்வை கேளுங்கள், தருவார்கள்.

பல் முழுசாக வரவில்லை, வெட்டித் துண்டு துண்டாகத்தான் வந்தது. முறிகிற சத்தம் காதுக்குள் கேட்கும், நோவு இல்லை, அலகை யாரோ அமத்துகிற பாரம் மட்டும். தையல், பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணித்தியாலம், வீட்டுக்கு.

மருந்திலும் கவனம். வழமையாக இந்த நோவுக்கு வோல்டாரனோ புரூஃபனோதான் எழுதுவார்கள், தொய்வுக்காரர் சிலருக்கு அந்த வகைக் குளிசை இழுப்பைக் கிளப்பும். எனக்கு முதலில் பனடோலை நேரத்துக்கு நேரம் போடச் சொல்லி, போதாவிட்டாலும் தன்னைக் கேட்காமல் வேறு எதையும் பாமசியில் வாங்காதீர் என்றார். பனடோலே போதுமாக இருந்தது, இரண்டாம் நாள் இரவு மட்டும் கொஞ்சம் கஷ்டம். தலையணையை உயர்த்திப் படுத்தது மூக்கடைப்புக்கும் சேர்த்து உதவியது. விறைப்புப் போக நாலு மணித்தியாலம் அளவில் ஆனது, அது வரைக்கும் சூடான தேத்தண்ணியைக் கிட்டவும் எடுக்காதீர்கள், சொண்டு வெந்தாலும் தெரியாது. ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது, பலமாகத் துப்புவது, சிகரெட் எல்லாம் தடை, குழியில் கட்டின இரத்தம் கழன்றால் பிறகு வருகிற நோவு பல்லு நோவையே மறக்கச் செய்யுமாம். அம்மம்மா ஆசையாக ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டு வந்தா, செத்தல் மிளகாய் மிதக்க. நான் ஆறின கஞ்சியைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிக் குறைகள். நம்பர் கொடுக்கிறார்கள், அந்த நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்லை. டொக்டர் ஆஸ்பத்திரியில் சுணங்கினால் எல்லாம் சுணங்கும், அதைப் போனில் சொல்லக்கூட ஆள் இல்லை. காத்திருக்கிற இடத்தில் காற்றாடி ஒன்று, அதன் கீழே இருக்கிற கதிரைக்குப் போட்டி, டீவியில் நாடகம் உச்சச் சத்தத்தில். பயந்துபோய் இருக்கிற ஆளுக்கு அந்த அறையே பாதி வருத்தம். காசு எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டேன், "டொக்டர்தான் சொல்லுவா" என்றார்கள், டொக்டர் "முன்னுக்குக் கேளும்" என்றார், கடைசியில் பில் 20,000 ரூபாயைத் தாண்டி வந்தது. எக்ஸ்ரேயும் மருந்தும் அதற்குப் புறம்பு. வெட்டி எடுக்கிற பல்லுக்கு அது அநியாயம் என்று சொல்ல வரவில்லை, முதலே சொன்னால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது அந்தக் கடதாசியில். பல் எடுத்தபின் என்ன செய்ய வேண்டும், எதைக் கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்று ஒரு தாள் தருகிறார்கள், முழுக்க ஆங்கிலம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு! வாய் விறைத்துப்போய்க் கதைக்க ஏலாமல் நான், என்னைப் பார்க்க வேண்டியவ அம்மா, அம்மாவுக்கு அந்தத் தாள் விளங்காது. இரத்தம் நிற்காவிட்டால், மூச்சு முட்டினால் என்று மிக முக்கியமான வரிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மிஸ்ஸிடம் சொன்னேன், "அச்சடிக்கக் குடுத்திருக்கு" என்றா. தையல் வெட்டப் போனபோதும் அதே ஆங்கிலத் தாள்தான் மேசையில் கிடந்தது.

காசு வசதி இல்லாதவர்கள் பெரியாஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போகலாம், அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் இலவசம், காலமை வெள்ளென்னப் போய் வரிசையில் நிற்க வேண்டும், அறுவைச் சிகிச்சைக்குத் திகதி கிடைக்கச் சுணங்கலாம். தொய்வு கடுமையாக இருக்கிறவர்கள், முழு மயக்கத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் காசு இருந்தாலும் ஆஸ்பத்திரியில் செய்வதுதான் நல்லது என்று இந்த டொக்டரே சொன்னார். தன் கிளினிக்குக்கு வருகிற காசை இன்னொரு இடத்துக்கு அனுப்புகிற டொக்டரை நம்பலாம் என்பது என் கட்சி.

எங்கே போனாலும் அறைக்குள் நுழைந்ததும் ஒருக்கால் கண்ணைச் சுழற்றிப் பாருங்கள், ஒட்சிசன் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று. இங்கே மூலையில் நின்றது, மூடிமேல் தூசி இல்லை.

வலது பக்கத்திலும் ஒன்று தலை காட்டுகிறது. அதற்கும் இங்கேதான் போவேன், நல்லூர்த் திருவிழா முடிந்தபிறகு. கொடியேறினால் அந்தப் பக்கத்து வீதி எல்லாம் பூட்டிவிடுவார்கள், ஓட்டோ சுற்றிச் சுற்றித்தான் வரும், வீங்கின முகத்தோடு அவ்வளவு தூரம் நடக்க என்னால் ஏலாது.